காளைக் கொம்பு

முன்சியாரிக்கு மேலே
ஓக் மரங்கள் தீர்ந்து புராஞ்சு தொடங்கும் சரிவில்
மூன்று மழைக்காலம் மண்டியிட்டிருக்கிறேன்,
அட்டைகளுக்கு ரத்தம் கொடுத்து.

ஏடு தருவது கொஞ்சம்தான்.
பனிமலைக்காரி. பூண்டு மாதிரிக் கிழங்கு.
காளைக் கொம்பின் வடிவம்.
பூ என்ன நிறம்?
இலை ஒன்றா இரண்டா?
எந்த மாதம் தலைகாட்டும்?
வாய் திறக்கவில்லை.

பின்னால் வந்தவர்கள் பேசித் தீர்த்தார்கள்.
ஆர்க்கிட் என்றார் ஒருவர்.
லில்லி என்று இன்னொருவர் கட்டுரை எழுதினார்.
அதெல்லாம் அரசனுக்கே கிடைக்காது,
பதிலுக்கு நிலப்பூசணியைப் போடு என்று
வேலையை முடித்துக்கொண்டவர்கள்தான் நிறையப் பேர்.

ஹல்த்வானி மண்டியில்
இந்த ஒரே பெயரில் மூன்று மூட்டை பார்த்தேன்.
மூன்றும் மூன்று செடி.
பலபொருள் ஒருசொல்:
இலக்கணத்தில் படிக்க இனிக்கும்.
லேகியத்தில் அப்படியில்லை.

பிசூலி பாங்திக்கு முப்பது வயது. என்னைவிட இருபத்திரண்டு குறைவு.
மே மாதம் கீடா ஜடி தோண்டப் போவாள்,
மற்ற மாதங்களில் எனக்குச் சுமை தூக்குவாள்,
நாளுக்கு எழுநூறு, சாப்பாடு தனி.
முதல் வருடமே ஒரு செடியைக் காட்டினாள்:
ஒற்றைத் தண்டில் பச்சைப் பூக்கள்,
கொசு உட்கார்ந்திருக்கிறதோ என்று நினைக்கிற அளவு.
தோண்டினேன்.
உருண்டைக் கிழங்கு, வழவழப்பாக,
கழுவிய சின்ன வெங்காயம்.
கொம்பு எங்கே என்றேன்.
தோளைக் குலுக்கினாள்.
"இது இல்லை" என்று நோட்டில் எழுதி
கிழங்கை மழைக்கோட்டுப் பையில் போட்டேன்.

அந்தக் கோட்டு கிழிந்தது. வேறு வாங்கினேன்.
இரண்டு வருடம் கழித்து, அல்மோராவில்,
கிழிந்ததைத் தூக்கிப்போடும் முன்
பைக்குள் கைவிட்டால்
விரலில் ஏதோ குத்தியது.

காய்ந்து, சுருங்கி, ஒரு பக்கம் வளைந்து,
நுனி கூர்ந்து,
அடியில் வரிவரியாக வளையங்களோடு
என் உள்ளங்கையில் ஒரு கன்றுக்குட்டிக் கொம்பு.

டீ ஆறியது தெரியவில்லை.
எழுதினவர் மலையே ஏறவில்லை!
கீழே, எங்கோ ஒரு சமவெளி ஊரில்,
வியாபாரி அவிழ்த்த மூட்டையிலிருந்து
ஒன்றை எடுத்து விளக்கருகே பிடித்திருக்கிறார்.
அவர் கண்டதைத்தான் சொன்னார்.
பூவை அவர் பார்த்ததே இல்லை.
நான்தான் காய்ந்ததின் வர்ணனையை வைத்துக்கொண்டு
பச்சையைத் தேடி அலைந்திருக்கிறேன்.

அன்றிரவு தூங்கவில்லை.
மறுநாள், அலமாரியில் ஈர மணலில் வைத்திருந்த
மற்ற நான்கு வகைக் கிழங்குகளையும்
ஹீட்டர் பக்கத்தில் பரப்பினேன்.
ஆறு வாரம்.
ஒன்று அழுகியது.
மூன்றும் வளைந்தன,
மூன்றும் கூர்ந்தன.
மூன்றும் கொம்பு.

போனில் சொன்னேன். பிசூலி சிரித்தாள்,
கோடு விட்டுவிட்டுக் கேட்கும் சிரிப்பு.
"எங்கள் பக்கம் காளை ஏது?
எங்கள் ஆள் எழுதியிருந்தால்
ஆட்டுக் கொம்பு என்றிருப்பான்.
அது சுருண்டிருக்கும். அப்போது என்ன செய்வீர்கள்?"

பதில் இல்லை.
பிறகு அவள் குரல் தாழ்ந்தது.
"பெயர் முடிவாகிவிட்டதா?"
இன்னும் இல்லை என்றேன்.
"அவசரமில்லை.
போன தடவை ஒன்றுக்குப் பெயர் முடிவானதும்
இரண்டு லாரி வந்தது.
அந்தச் சரிவில் இப்போது முட்செடிதான்."

தாள் எண் 1147.
கிழங்கை நூலால் தைத்திருக்கிறேன்.
பக்கத்தில் அவள் காட்டிய தண்டு,
கொசுப்பூக்கள் பழுப்பாகிவிட்டன.
சேகரித்தவர்: என் பெயருக்கு முன்னால் அவள் பெயர்.
உயரம்: எழுதினேன்.
இடம்: மாவட்டம் மட்டும்.
பெயர் என்ற கட்டத்தில் பென்சிலால் எழுதி
அதன் பின்னால் ஒரு கேள்விக்குறி போட்டேன்.

போட்டபின் பார்த்தால்
அதுவும் வளைந்துதான் இருக்கிறது.