உயிருள்ளவை: இல்லை

திருவொற்றியூர் யார்டில்
மரக்கட்டை வரும் பெட்டிகளுக்கு மருந்தடிப்பது என் வேலை.
கதவைச் சாத்தி, இடுக்கெல்லாம் டேப் ஒட்டி,
மண்டையோடு போட்ட மஞ்சள் தாளை மாட்டிவிட்டு
வாசமில்லாத புகையை உள்ளே விடுவேன்.
மறுநாள் திறந்தால்
முறத்தில் அள்ளும் அளவுக்கு வண்டுகள்.

அன்றைக்குச் சீல் உடைத்தபோது
நான்காவது கட்டையின்மேல் இருந்தது.
அரணைதான். ஆனால் பச்சை.
எம்.சி. ரோட்டில் முகூர்த்த மாசத்துப் பட்டை
வெயிலில் பிரித்துப் போட்ட பச்சை.

"கடிச்சா மரணம்டா" என்று பின்வாங்கினான் ஏசுபாதம்.
கடிக்க ஓடிவரும்,
பாதி வழியில் எதற்கு வந்தோமென்று மறந்து
திரும்பிவிடும் என்றதும் அவன்தான்.

இதுவும் மறந்திருக்குமா,
நாற்பது நாள் இருட்டில்,
எந்தத் தீவில் எந்த மரமென்று?
பில்லில் இருந்த துறைமுகத்தின் பெயர்
மூன்று முறை வாசித்தும் என் வாயில் நிற்கவில்லை.

என்னைப் பார்த்தது.
கண்ணைச் சிமிட்டியது.
பல்லி சிமிட்டாது.
அரணைக்கு இமை உண்டென்று
அதுவரை எனக்குத் தெரியாது.

கதவைச் சாத்த இரண்டு நிமிடம் தாமதித்தேன்,
அவ்வளவுதான் நான் செய்தது.
கட்டை, கதவு, தரை, டிரெய்லர் டயரின் நிழல்,
பிறகு எடைமேடைக்குப் பக்கத்து நாட்டுவாதா மரம்.
நெட்டுக்குத்தாய் ஏறியது,
வாடகை பாக்கியில்லாத வீட்டுக்குள் போவதுபோல.
அந்தக் காய் கடலில் மிதந்தே போகும்,
தீவுக் கரையிலெல்லாம் இதே மரம்தான் என்றார்
செடிநோய் பார்க்க வரும் டெல்ஃபின் மேடம்,
வாதாங்கொட்டை தின்னக் கேட்கிறேனென்று நினைத்து.

படிவத்தில் 'உயிருள்ளவை' என்ற கட்டத்தில்
'இல்லை' என்றெழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

இரண்டு மாசமாய் டீயை அங்கே நின்றுதான் குடிக்கிறேன்.
மணலிக் காற்று திரும்பும் நாளில்
நான் மூக்கைப் பொத்திக்கொள்கிறேன்.
அது என்ன செய்யுமென்று தெரியவில்லை.
சில நாள் வால் மட்டும்.
சில நாள் அதுவும் இல்லை.
எண்ணூர்வரை தேடினாலும் அதற்கொரு ஜோடி கிடையாது.
இதை யாரும் அதனிடம் சொல்லப் போவதில்லை.

போன வாரத்திலிருந்து இலைகள் சிவந்து கொட்டுகின்றன.
பாதி மரம் வெறும் கொம்பு.
பச்சையில் பச்சையாய் இருந்தது
இப்போது ஊருக்கே தெரிகிறது.
எதிர் விளக்குக் கம்பத்தில் ஒரு காக்கா
தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்க்கிறது.

பெட்டி பெட்டியாய்க் கொன்று சம்பளம் வாங்குகிறவன்
டீ கிளாஸைத் தரையில் வைத்துவிட்டுக்
கல் பொறுக்குகிறேன்.