இடப்பக்க ஒலிபெருக்கி அருகே

காலாங் உள்ளரங்கில் ஒருமுறை
இருநூற்று அறுபத்தெட்டு வெள்ளி கொடுத்து
உலகப் புகழ்பெற்ற ஒருவரைக்
கட்டைவிரல் உயரத்தில் பார்த்தேன்.
குறையாகச் சொல்லவில்லை.
நாற்காலி வழியே அதிர்வு ஏறி வந்தபோது
பக்கத்தில் தேம்பிய முன்பின் தெரியாதவருக்கு
டிஷ்யூ பாக்கெட்டை நீட்டினேன்,
மதியம் உணவங்காடியில்
எனக்கு மேசை பிடித்துவைத்த அதே பாக்கெட்டை.

ஆனால் உப்புத்தாள் குழுவைக் கேட்க
இருபது வெள்ளி போதும்,
கொஞ்சம் முழங்கால் பலமும்.
ஜாலான் புசாரில் குழாய்க்கடைக்கு மேலே
இரண்டாம் மாடி.
வாசலில் ஒரு பெண் மணிக்கட்டில் முத்திரை குத்துவாள்.
எங்கோ மலிவாய் வாங்கிய தேதி முத்திரை,
சக்கரம் துருப்பிடித்து நின்றுவிட்டது.
ஆகவே மாதாமாதம் நாங்கள்
அதே மார்ச் பதினான்குக்குள்தான் நுழைகிறோம்.

அறுபத்தொரு பேர். எண்ணியிருக்கிறேன்.
குளிர்சாதனம் ஒப்புக்கு இருமும்.
சூ யிங்கின் டிரம் உதைக்க உதைக்க முன்னால் நகரும்,
ஐந்து கிலோ அரிசிப்பை முட்டுக்கொடுத்திருக்கிறது.
இளமாறன் வழக்கம்போல் இரண்டாம் சரணத்தை மறப்பான்.
நாங்கள் பாடுவோம்,
அவன் நன்றியில்லாமல்
நாங்கள் தப்பாய்ப் பாடுவதாக முறைப்பான்.

என் இடம் இடப்பக்க ஒலிபெருக்கி.
அங்கேதான் ஹைருல் நிற்பார்,
முக்கால்வாசி முதுகைக் காட்டிக்கொண்டு,
பேஸ் கிட்டாரை
யாரோ தூங்கக் கொடுத்த குழந்தைபோல் ஏந்தி.
அவர் முதல் கம்பியைத் தொட்டால்
காதுக்கு முன்
விலா எலும்பு கேட்டுவிடும்.
பதிவில் நாலு நிமிடத்தில் முடிகிற பாட்டு
இங்கே முடிய மனசில்லாமல்
வாசல்வரை போய்த் திரும்பி வரும்,
செருப்பைத் தேடுகிற விருந்தாளி மாதிரி.
அப்போது நான் ஆடுவதை
அலுவலகத்தில் யாரும் பார்த்ததில்லை.
பார்க்கவும் வேண்டாம்.

பத்தரைக்கு நிறுத்தியாக வேண்டும்.
அண்டைவீட்டுப் புகார் மூன்று நிலுவையில்.
லவெண்டரில் ஏறி, சிட்டி ஹாலில் மாறி
ஈசூனுக்குக் கடைசி ரயில்.
காதுக்குள் ஒரு மெல்லிய கம்பி இழுபட்டபடி.
எதிரே கம்பியைப் பிடித்து நிற்பவனின் மணிக்கட்டிலும்
மார்ச் பதினான்கு.
தலையசைத்துக் கொள்கிறோம்.
அதற்குமேல் பேச
இருவருக்கும் தொண்டை இல்லை.

செவ்வாய்க்கிழமை எங்கள் புளோக் மின்தூக்கி நின்றுபோனது.
நீலச் சீருடையில் ஒருவர் மண்டியிட்டு
திருப்புளியால் கதவைத் தட்டிக்கொண்டிருந்தார்,
இரண்டு, ஒன்று, இரண்டு,
எனக்கு அந்தத் தட்டல் தெரியும்.
முதுகைப் பார்த்தேன்,
உறுதியாயிற்று.

கையில் பாலும் முட்டையும்.
என்ன சொல்வது?
உங்களால்தான் சனிக்கிழமைகள், என்றா?
"மூணாவது பாட்டு இந்தத் தடவை கொஞ்சம் வேகம்" என்றேன்.
அவர் நிமிர்ந்து பார்க்க நேரமெடுத்தார்.
"சூ யிங் சாப்பிடாம வந்துட்டா" என்றார்.

பிறகு பன்னிரண்டாம் மாடிவரை
சோதனை ஓட்டத்தில் என்னையும் ஏற்றிக்கொண்டார்.
மோட்டார் ஒரே சுரத்தில் முனக
இருவரும் கூரையைப் பார்த்தபடி கேட்டோம்.
"கொஞ்சம் இறங்கியிருக்கு" என்றார்,
மின்தூக்கியையா சுரத்தையா, கேட்கவில்லை.

கதவு திறந்ததும்
"அடுத்த மாசம் வருவீங்களா?"
"மார்ச் பதினான்குதானே, வந்துடுவேன்."

அவருக்குப் புரியவில்லை.
குழுவினர் பின்படியில் ஏறுகிறவர்கள்,
முத்திரை இல்லாமல்.