அறை 14-அ

தாவரவியல் ஆய்வகத்துக்குப் பின்னால்
உடைந்த தராசுகள் போட்டுவைத்திருந்த அறை.
கேட்டு வாங்க ஏழு மாதம்.
சாவியைக் கொடுக்கும்போது துணை முதல்வர் கேட்டார்:
"பலகைல என்னன்னு எழுத?"
ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம்.
பெயர் வைத்தால்
அந்தப் பெயரோடு உள்ளே நுழைவதை
வராண்டா முழுக்கப் பார்க்கும்.
வைக்காவிட்டால்
தனக்கான இடமென்று எவருக்கும் தெரியாது.
பலகை இன்னும் வெள்ளையாகத்தான் தொங்குகிறது.

நாகமலைக்கு வரும் பேருந்தில்
முதல் வாரமே கேட்டுவிடுவார்கள்.
எந்த ஊரு?
செல்லூரு.
செல்லூர்ல எங்க?
பாலத்துக்குக் கீழ.
கீழன்னா, எந்தப் பக்கம்?
மூன்றாவது கேள்வியில்
வேண்டியது கிடைத்துவிடும்.
அதற்குப் பிறகும் அதே சிரிப்புதான்.
தண்ணீர் பாட்டில் மட்டும்
மடியிலிருந்து பைக்குள் போகும்.

அம்மாவுக்கு கார்ப்பரேஷனில் வேலை என்பேன்.
ஆபீஸா என்பார்கள்.
ஆமாம் என்று சொன்ன மறுநாள்
காளவாசல் சிக்னலில் வண்டி நிற்க,
பச்சைக் கோட்டில் அம்மா
ஓரத்து மண்ணைக் கூட்டிக்கொண்டிருந்தாள்.
ஜன்னலோரம் நான்.
ஷூ லேஸ் கட்டுவதுபோலக் குனிந்தேன்.
காலில் கிடந்தது ரப்பர் செருப்பு.

வியாழன், மூன்றே கால்.
மின்விசிறி நாலாம் எண்ணில் மட்டும் சுற்றும்.
உதவித்தொகை மனுக்கள் பறக்காமலிருக்க
மேலே ஒரு எடைக்கல்.
சமயநல்லூர் கங்கையாவின் அண்ணனுக்குச்
சான்றிதழ் உண்டு.
ஒரே வயிற்றில் பிறந்த இவனுக்கு இன்னும் இல்லை.
விசாரணைக்கு வந்தவர் கேட்டாராம்:
"காட்டுநாயக்கன்னா காட்டுலல்ல இருக்கணும்?
நீ என்னடா பைக்ல வர்ற?"
கண்ணாடியை மூக்கில் இறக்கி
அவரைப் போலவே செய்துகாட்டினான்.
சிரித்ததில் பொம்மக்காவுக்குப் புரையேறியது.
அப்போதுதான் என் வாயிலிருந்து
வீட்டுத் தெலுங்கு நழுவி விழுந்தது:
நீள்ளு தாகு.
தண்ணியைக் குடி என்று.
கல்லூரி வாசலில் ஒவ்வொரு நாளும்
கழற்றி வைத்துவிட்டு வரும் பேச்சு அது.
பொம்மக்கா குடித்துவிட்டு
அதே பேச்சில் என்னை ஒரு வசவு வைதாள்.
கங்கையாவுக்குப் பாதி புரிந்தது.

"பிரிவினை பண்றீங்க" என்றான்
வாசல்வரை வந்து பார்த்த ஒருவன்.
அவன் மணிக்கட்டில் இரண்டு நிறத்தில் கயிறு.
அதற்குப் பதில் எங்களிடம் இருந்தது.

யாழ்மொழி கேட்டதற்குத்தான் இல்லை.
"மூணு வாரமாப் பாக்கறேன்.
என் பக்கத்து நாற்காலி மட்டும் காலியாவே கெடக்கு.
பஸ்ல நடக்கறதுதான் இங்கயும்னா
எனக்கெதுக்கு இந்த ரூமு?"
புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு போய்விட்டாள்.
விசிறி கடகடத்தது.
மடியைப் பார்த்தேன்.
என் பாட்டில்
பைக்குள் இருந்தது.
எப்போது வைத்தேன் என்று நினைவில்லை.

அடுத்த வியாழன் அவள் வரவில்லை.
அதற்கடுத்த வியாழனும்.
நானும் பொம்மக்காவும்
மாட்டுத்தாவணிக்குப் போய்
அவள் வேலை முடியும்வரை காத்திருந்தோம்.
பரோட்டா கடையில் ஒரே பெஞ்சில் மூன்று பேர்.
கேட்க வேண்டிய மன்னிப்பு தொண்டையில் நிற்க
அவள் இலையில் சால்னாவை ஊற்றிக்கொண்டே இருந்தேன்.
"போதும்டி, இலை மிதக்குது" என்றாள்.

சாவி இப்போது அவளிடம்.
பலகைக்கு ஒன்று யோசித்து வைத்திருக்கிறாளாம்.
சொல்ல மாட்டேன் என்கிறாள்.