பற்று

கே.சி.பட்டி ஏற்றத்தில் நின்றுபோன ஜீப்பை
டிராக்டரில் கட்டியிழுத்து
தாண்டிக்குடி வந்து சேர்ந்தான் வீரபுத்திரன்.
"பின்னாடி ஒழுகுதுண்ணே, லேசா."
லேசாவாம்.
மங்களங்கொம்பிலிருந்து என் கொட்டகை வரைக்கும்
ரோட்டில் கோடு போட்டுக்கொண்டே வந்திருக்கிறது கியர் ஆயில்.

எத்தனை தார் ஏற்றினாய் என்றேன்.
முப்பது என்றான்.
முப்பது என்பவன் ஐம்பது ஏற்றியிருப்பான்,
வாழைத்தார்மேல் நாலு பேர் உட்கார்ந்திருப்பார்கள்,
பம்பரில் ஒருத்தன் தொங்கியிருப்பான்.

சக்கரம் கழற்றி, அச்சை உருவி,
ஹவுசிங்கை இறக்கி
இரண்டு சில்வர் ஓக் கட்டைமேல் கிடத்தினோம்
நானும் செபஸ்தியும்.
மண்ணெண்ணெய், கம்பி பிரஷ், மறுபடி மண்ணெண்ணெய்.
அடுக்கடுக்காகப் பெயர்ந்தது சேறு:
ஆடலூர்ச் செம்மண், ஓடை மணல்,
காபித் தோட்டத்துக் கறுப்பு.
அதற்கும் அடியில்
ஒரு பழைய வெல்டிங் பற்று.

மீன் செதில் மாதிரி ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து,
முடிகிற இடத்தில் இடப்பக்கம் ஒரு சுழி.
யார் வைத்தது என்று கேட்க வேண்டியதில்லை.
அந்தச் சுழியை நான் இன்னும் விடவில்லை.

ஏழு வருஷம் இருக்கும்.
வண்டிக்கு வேறு சொந்தக்காரன், வேறு நிறம்.
கரண்டைக் கூட்டி வைத்து
ஒரே மூச்சில் இழுத்தேன், நிறுத்தாமல்,
டீக்கடையே விரலிடுக்கில் வேடிக்கை பார்க்க.
"ஜீப்பு உடைஞ்சாலும் உடையும், என் பற்று உடையாது."
சொன்னது பலித்திருக்கிறது.
பற்று உடையவில்லை.
அதன் கரையோரமாய்,
நூல் பிடித்தாற்போல்,
பக்கத்து இரும்பு உடைந்திருந்தது.

வீரபுத்திரன் ஒரு வில்பட்டையை நீட்டினான்,
லாரியில் கழற்றியது.
"இத வெச்சு அடிண்ணே, இரும்புல இதுதான் ராசா."
வேண்டாமென்றேன்.
வில்லுக்கு வளைந்து நிமிரத் தெரியும்,
தீ பட்டு ஆறினால் கண்ணாடி.
எட்டு எம்எம் பிளேட்டு போதும்,
சாதுவான இரும்பு, சொன்ன பேச்சு கேட்கும்.
முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டான்.

சாரலில் ராடு நமுத்துப்போகும்.
காதர் பேக்கரி அடுப்பில் பன் வெந்து இறங்கியபின்
கட்டோடு உள்ளே வைத்து வாட்டி
சாக்கில் சுற்றிக்கொண்டு ஓடிவந்தான் செபஸ்தி.
ஊரில் ஹீட்டரெல்லாம் அணைந்து
வோல்டேஜ் நிமிர்ந்தபோது மணி பதினொன்று.

விரிசலின் இரண்டு நுனியிலும் ஓட்டை போட்டேன்,
இதற்குமேல் ஓடாதே என்று.
பிறகு அடிவயிற்றில் பிளேட்டை வைத்து
இங்கே ஒரு அங்குலம்.
பொறு.
எதிர்ப்பக்கம் ஒரு அங்குலம்.
தொட்டுப் பார். சுட்டால் இன்னொரு பீடி.
பனிமூட்டம் கொட்டகைக்குள் நுழைந்து
நீல வெளிச்சத்தில் சுவராய் எழுந்தது,
ராடை எடுத்ததும் இல்லை.
இங்கே ஒரு அங்குலம்.
பொறு.
மூன்று முறை கேட்டுவிட்டான்:
"ஒரே இழுப்பா இழுத்துட்டா என்னண்ணே?"

மூன்று மணிக்கு நூல் கட்டிப் பார்த்தோம்
இந்த முனைக்கும் அந்த முனைக்கும்.
நடுவில் தீக்குச்சி கனம் விலகல்.
ஆறும்போது பாதி திரும்பும், பார்க்கலாம்.
பேக்கரிச் சாம்பலை அள்ளிப் போர்த்தினேன்.
விடியும்வரை யாரும் தொடக்கூடாது,
நானும்.

காலையில் கணக்கு.
பிளேட்டு, ஆயில், சீல், செபஸ்தி கூலி.
என் கூலி இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கோடு.
அவனுக்குச் சந்தேகம் வந்துவிட்டது.
"என்னண்ணே, நிக்காதா?"
நிற்கும் என்றேன்.
பழைய பற்றைப் பற்றிச் சொல்லியிருக்கலாம்.
வாய்வரை வந்தது.
முப்பது தார்தான், என்றேன்.
முப்பதுதாண்ணே, என்றான்.

நோட்டில் வரவு ஒரு பக்கம், பற்று ஒரு பக்கம்.
பற்றில் என் பெயரை எழுதி
நிமிர்ந்து பார்க்கிறேன்,
வளைவு திரும்பும் ஜீப்பின் பம்பரில்
இப்போதே இரண்டு பேர்.