தகவலாளி ஒன்பது

பேராசிரியர் கமருன்னிசா நினைவு உதவித்தொகை:
வருடத்துக்குப் பதினான்காயிரத்து அறுநூறு.
அவருடைய பி.எஃப். பணத்தின் வட்டி.
போன வருடம் கொஞ்சம் கூடுதல், பேங்க் குறைத்துவிட்டது.

கோப்பு என் மேசையில்தான் கிடக்கும்.
மே கடைசி. வேலூர் வெயிலில் காகிதம்கூடச் சுட்டது.
முப்பத்தோரு உறைகளைக் கிழித்தேன்.
முப்பதில், சிறுவயது முதலே ஆர்வம்.

மீந்த ஒன்று பீஞ்சமந்தையிலிருந்து.
மடிப்பில் மலைச் செம்மண்.
பெயர் கு. தீர்த்தம்மா.
ஏன் மானிடவியல் என்ற கட்டத்துக்குள் நிற்காமல்
பின்பக்கத்துக்கு ஓடியிருந்தது பேனா:

"மேடம் புத்தகத்தில் நூற்றுப் பன்னிரண்டாம் பக்கம்
தகவலாளி ஒன்பது என் அம்மா. பெயர் குப்பாயி.
சாமை விதைக்கும் முன் சாமியிடம் சொல்கிற கதையை
அம்மா அன்றைக்குப் பாதி மாற்றிச் சொல்லிவிட்டாள்.
வெளியாளிடம் அதைச் சொல்லக் கூடாது.
மலையேறி வந்தவளை வெறும் வயிற்றோடு அனுப்பவும் கூடாது.
சோறு போட்டாள். கூடவே பொய்யும்.
எந்தப் பாதி பொய் என்று எனக்குத் தெரியும்.
அதை எழுதலாமா என்றுதான் தெரியவில்லை.
படிக்க வருகிறேன்."

குழுத் தலைவர் கண்ணாடியைக் கழற்றினார்.
"செத்தவரைப் பொய்யாக்கிவிட்டு
அவர் பணத்தையே கேட்கிறாளா?"
இன்னொருவர் மதிப்பெண்ணைத் தேடினார்.
டீயில் ஆடை படிந்தது.

குமாஸ்தாவுக்கு ஓட்டு கிடையாது.
அலமாரிச் சாவி உண்டு.
கறையான் தின்றது போக நாற்பத்து மூன்று குறிப்பேடுகள்.
தொண்ணூற்றெட்டாம் வருடத்து நோட்டைத் தட்டித் திறந்தேன்.
நீல மையில் கதை. ஓரத்தில் பென்சில், பொடி எழுத்து:

"9 சிரிப்பை அடக்குகிறாள். பொய்.
நான் கேட்டிருக்கக் கூடாது.
இப்படியே அச்சாகட்டும்.
சோறு ருசி."

தலைவர் இரண்டு முறை படித்தார்.
மூன்றாவது முறை படிப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக்
கையெழுத்துப் போட்டார்.

ஜூலையில் அவள் வந்தாள்.
ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்ட எச்சில் தொடவா என்று கேட்டாள்.
தொட்டு ஒட்டினாள்.
நோட்டைக் காட்டினேன்.
ரொம்ப நேரம் அந்த ஓரத்திலேயே இருந்தாள்.

"பென்சில் இருக்கா சார்?"

ஆவணத்தில் கைவைக்கக் கூடாது,
அலமாரிக் கதவில் நானே ஒட்டிய விதி.
கொடுத்தேன்.

ஒன்பதை அடித்து, குப்பாயி என்று எழுதினாள்.
கதையைத் தொடவில்லை.

அணைக்கட்டு பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று ஓடினவள்
ரசீதை மறந்துவிட்டாள்.
பென்சிலையும் கொண்டுபோய்விட்டாள்.