சீசோவின் மற்றப் பக்கம்

மூன்று மணிக்குப் போகாதே, மச்சாள்.
மூன்று மணிக்குச் சறுக்கி ஒரு தோசைக்கல்.
போன மாசம் சாது இறங்கின வேகத்தில்
தொடை சிவந்து அவள் குழறின குழறலில்
குளத்துக் கொக்குகள் முழுக்க எழும்பிப் பறந்தன.
பெயர் சாதுரியா. சுருக்கிச் சாது.
நாலு வயசும் ஐந்து மாசமும்.
சாதுவில்லை.

வவுனியாவிலிருந்து மாற்றலாகி வருகிற உனக்கு
எந்தப் பள்ளிக்கூடம் நல்லது, எந்தச் சந்தையில் மீன் மலிவு என்று
எல்லாரும் சொல்லுவினம்.
நான் ஊஞ்சல்களைச் சொல்கிறேன்.

குளக்கரைப் பூங்காவில் வாகை நிழல் உண்டு.
கல் பதித்த பாதை மூன்று சில்லுச் சைக்கிளுக்கு வடிவு.
ஆனால் கிழக்கு மூலையில் கம்பிவேலி
ஒரு பிள்ளை நுழையுமளவு விலகியிருக்கிறது.
அளந்து பார்த்தது நானில்லை.

தபால்கந்தோருக்குப் பின்னால் ஒரு சின்னது.
இரண்டு ஊஞ்சலில் ஒன்றுக்குச் சங்கிலி நீளம் பிசகு,
எப்படி ஆடினாலும் வேம்பின் பக்கமே சாயும்.
சாதுவுக்கு அதுதான் வேண்டும்.
நேரான ஊஞ்சலைத் திரும்பியும் பாராள்.
கழிவறைத் திறப்பு எதிரே பூக்கடைக்காரரிடம்.
கேட்டால் தருவார்.
பிள்ளையின் கால்கள் பின்னிக்கொண்டு நின்றால்
கேளாமலே தருவார்.

ஆனாலும் நீ வரவேண்டியது
பண்ணைப் பக்கம், பரவைக்கடலோரம்.
ஐந்தரைக்கு. அப்போதுதான் இரும்பு ஆறும்.
சிறகுவலைத் தடிகள் தண்ணீரில் நிற்க,
தீவுக்குப் போகிற கடைசிக்கு முந்தின பஸ்
பாலத்தில் ஊர்ந்துகொண்டு போகும்.

அங்கே ஒரு சீசோ.
நான் ஒரு பக்கம் இருந்தால்
மகள் மற்றப் பக்கம் ஆகாயத்தில் நிற்பாள், இறங்காள்.
அறுபத்தெட்டுக் கிலோ அம்மா
விளையாட்டுக்குக் கூட்டாளி அல்ல, நங்கூரம்.
இறங்கி நின்று கையால் அமத்தி அமத்தி விட்டேன்.
"அம்மா, நீங்கள் வேலை செய்யிறியள்,
விளையாடேல்லை" என்றாள்.

அப்போதுதான் அந்தப் பெடியன் வந்து ஏறினான்.
றொக்சன். குருநகர். ஆறு வயசு, தும்புத்தடி மாதிரி உடம்பு.
பலகை அசையவில்லை.
கீழே இருந்தபடி சாது அவனை
எடை போடுகிற கடைக்காரி போலப் பார்த்தாள்.

அவன் ஒன்றும் சொல்லவில்லை. குதித்து ஓடி
தாயின் இடுப்பிலிருந்து தங்கச்சியை வாங்கி வந்தான்,
மடியில் வைத்தான்.
பலகை யோசித்தது. இறங்கவில்லை.
திரும்ப ஓடினான். இம்முறை
சந்தைப் பையிலிருந்து இரண்டு கிலோ சீனி.
"டேய் சீனி! டேய், சீனியடா!"
என்று தாய் ஓடி வருவதற்குள்
என் மகள்
மெல்ல,
மிக மெல்ல
நிலத்தை விட்டு எழும்பினாள்.

பிறகு அந்தத் தாய் குழந்தையைப் பிடித்துக்கொண்டு அந்தப் பக்கம்,
நான் சாதுவின் முதுகைப் பிடித்துக்கொண்டு இந்தப் பக்கம்.
கொறற்ரி என்றார் பெயரை.
எந்த இடம், ஆற்றை ஆக்கள் என்று
இந்த ஊரில் முதலில் வருகிற கேள்வி
இருவர் வாயிலும் வரவில்லை.
வந்திருக்குமோ தெரியாது,
கைகள் ஓயாமல் ஏறி இறங்கிக்கொண்டிருந்தன.
கச்சான்காரர் ஒரு சுருளை
இரண்டாகப் பிரித்துத் தந்தார்.
சீனிப்பை ஓரத்தில் கசிந்தது.
எறும்புக்கு அது பெருநாள்.

இருண்டு, கொசு கடித்து,
அழுகையும் இழுபறியுமாக அவரவர் பிள்ளையை
அவரவர் பொறுக்கிக்கொண்டு வந்தோம்.
ஸ்கூட்டியின் முன்னால் நின்றபடியே சாது நித்திரை.

வீட்டில் கால் கழுவும்போது பார்க்கிறேன்:
வலதில் அவளுடைய றோஸ் செருப்பு.
இடதில் ஒரு நீலம், இரண்டு அளவு பெரிசு,
குதிக்காலில் மணலும் சீனியும்.

அடுத்த ஞாயிறு ஐந்தரைக்கு நீயும் வா.
உன்னுடையவனுக்கு எத்தனை கிலோ என்று
முன்கூட்டியே சொல்லு.