மோட்டார் இல்லாத மரம்

மந்தாரக்குப்பம் தாண்டி சுரங்க விளிம்பில்
ராத்திரி ஷிப்டில் என் வேலை
ஒரு மானியைப் பார்த்துக்கொண்டிருப்பது.
பழுப்பு நிலக்கரிக்கு அடியில்
தண்ணீர் முறுக்கிக்கொண்டு படுத்திருக்கிறது.
இறைக்காமல் விட்டால்
சுரங்கத் தரையை முதுகால் முட்டிப் பிளந்துவிடும்.
அதனால் இறைக்கிறோம்,
தீபாவளியன்றும்,
வானமே ஊற்றும் ஐப்பசியிலும்.
ஒரு பம்பு நின்றால் நாலு போன் வரும்.

காலையில் காடாம்புலியூரில் இறங்கி
காதுக்குள் இரைச்சல் அடங்காமல்
கொல்லைக்குப் போனால்
நாற்பத்தைந்தடி உயரத்துக்குப் பலா நிற்கிறது.
சத்தமே இல்லை.

ஒருநாள் லாக் புத்தகத்தின் பின்னட்டையில்
கணக்குப் போட்டேன்.
வெயில் காயும் நாளில் இருபது குடம்
இந்த உச்சிக்கு ஏறுவதாக வைத்துக்கொண்டால்
தூக்குகிற வேலைக்கு மட்டும் எவ்வளவு சக்தி?
ஒரு வாட்டுக்குக் கொஞ்சம் மேல்.
என் பேனலில் கண் சிமிட்டும்
சிவப்பு விளக்கின் சாப்பாடு.

ஃபிட்டர் அருள்ஞானம் ஒப்புக்கொள்ளவில்லை.
“உறிஞ்சி எடுத்தா முப்பத்திரண்டு அடிக்கு மேல
எந்தத் தண்ணியும் ஏறாது.
எவன் பம்பா இருந்தாலும்.”
அவர் சொன்னது சரி.
மரம் உறிஞ்சுவதில்லை.

இலையின் அடிப்புறத்தில்
ஊசி முனையை விடச் சின்னச் சின்ன வாய்கள்.
காற்றை உள்ளே விடத்தான் திறக்கின்றன.
திறந்த வாய் வழியே ஈரம் நழுவுகிறது.
நழுவும் துளி தனக்குப் பின்னால் நிற்பதை
விடாமல் பிடித்து இழுக்க,
அது அடுத்ததை,
அது அதற்கடுத்ததை,
கிளை, தண்டு, ஆணிவேர் வழியாக
செம்மண்ணுக்குள் துழாவும் வேர்த்தூவி வரை
ஒரே தண்ணீர் நூல்.
எங்காவது ஒரு குமிழி புகுந்தால்
அந்த நூல் அறும்.
பக்கத்து நூலில் மாறிப் போகும்.

தண்ணீர் இலவசம். சத்து அப்படியில்லை.
மணிச்சத்தைச் செம்மண் இறுகப் பிடித்துக்கொள்ளும்.
வேரை ஒட்டி வாழும் பூஞ்சை
எங்கெங்கோ நூல் விட்டுக் கொண்டுவந்து தரும்.
கூலி, சர்க்கரை.
சர்க்கரை மேலே தயாராகிறது.

பச்சையம் என்று பாடத்தில் வந்த அன்று
வகுப்பே திரும்பி
பச்சையம்மாளைப் பார்த்தது.
அழுதுவிட்டாள்.
இப்போது ஆஸ்பத்திரியில் நர்ஸ்.
வெயிலைப் பிடித்து, தண்ணீரை உடைத்து,
காற்றில் கரியெடுத்து
இனிப்பாக்கும் அந்தப் பெயரை
இன்று யாராவது சொன்னால்
சிரிப்பாளென்று நினைக்கிறேன்.

நாங்கள் வெட்டுவதும் இலையைத்தான்.
யாரும் பேரிடாத ஒரு காலத்தில்
ஏதோ மரங்கள் சேர்த்து வைத்த வெயில்.
அதை எரித்துக் கரண்ட் எடுத்து
பம்பை ஓட்டுகிறோம்.
பம்பு ஓடினால்தான் மறுபடி வெட்ட முடியும்.
புகைபோக்கி விடும் கரி
இந்தப் பலாவுக்கும் வந்திருக்கும்.
எந்த ஊர்ப் புகை என்று அது கேட்பதில்லை.

தானே புயல் அடித்த வருஷம்
தனக்கோட்டி தோட்டத்துப் பலா சாய்ந்தது.
பாதி வேர் ஆகாயத்தில், பாதி மண்ணில்.
நாள் கணக்கில் கரண்ட் இல்லை,
ஊரில் ஒரு மோட்டார் ஓடவில்லை.
பதினோரு நாள் கழித்தும்
ஒரு பக்கத்து இலைகள் வாடவில்லை.
“படுத்துக்கிட்டே குடிக்குது பாருங்க”
என்றாள் தனக்கோட்டி.
அரிவாளோடு வந்தவர்களை
அன்றைக்குத் திருப்பி அனுப்பிவிட்டாள்.
பன்னிரண்டாம் நாள் வரச் சொன்னாளா,
நான் கேட்கவில்லை.

போன மாசி மாதம்
என் பலாவின் தாழ்ந்த கிளையில்
நாலு இலை சேர்த்து
பாலிதீன் பை கட்டிவிட்டுத் தூங்கப் போனேன்.
சாயங்காலம் பையின் மூலையில்
இரண்டு ஸ்பூன் தண்ணீர்.
இருமல் மருந்து பாட்டிலைக் கழுவி
அதில் ஊற்றி ஷிப்டுக்கு எடுத்துப் போனேன்.

அருள்ஞானம் விளக்கடியில் தூக்கிப் பார்த்தார்.
முகர்ந்தார்.
நான் தடுப்பதற்குள் வாயில் விட்டுக்கொண்டார்.
“சப்புனு இருக்கு.”
“சத்தை உள்ளயே வெச்சுக்கிச்சு” என்றேன்.
காலி பாட்டிலைக் கொஞ்ச நேரம் உருட்டிக்கொண்டிருந்தார்.
“நாப்பத்தஞ்சு அடியா?”

மூன்றாம் பம்பு சத்தம் மாறியது.
ரெண்டு பேரும் எழுந்து ஓடினோம்.